லிங்க்கை அழுத்தியவரைத் திட்டாதீர்கள்: அலுவலக சைபர் பாதுகாப்பில் மனிதர்களோடு வேலை செய்ய ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம். வெள்ளிக்கிழமை மதியம். மறுநாள் சம்பளச் சனிக்கிழமை என்பதால் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் தலை தூக்க நேரமில்லை. மெஷின் உதிரிபாகம் அனுப்பும் சீன சப்ளையரிடமிருந்து ஒரு மெயில். எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை மட்டும் கீழே உள்ள கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று. பழைய மெயில்களின் தொடர்ச்சியாகவே வந்திருந்தது. இன்வாய்ஸ் எண் சரி, தொகையும் சரி. அனுப்பியவர் முகவரியில் ஒரே ஒரு எழுத்து வேறு.

அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அம்மா பணத்தை அனுப்பிவிட்டார். பதினொரு நாள் கழித்து, "பணம் இன்னும் வரவில்லையே" என்று உண்மையான சப்ளையர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நல்ல கார் ஒன்று வாங்கும் அளவுக்குப் பணம் போயிருந்தது.

சைபர் பாதுகாப்பு ஆலோசனைக்காக நான் அங்கே போனதும் முதலாளி சொன்ன முதல் வார்த்தை, "இவங்களுக்கெல்லாம் ஒரு டிரெயினிங் போடுங்க சார்." டிரெயினிங் நான்கு மாதத்துக்கு முன்பே நடந்திருந்தது. அந்த அம்மா கடைசித் தேர்வில் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தார். தனியாகக் கேட்டபோது சொன்னார்: "சந்தேகம் வந்துச்சுங்க சார். ஆனா சப்ளையர்கிட்ட எம்.டி. சார்தான் பேசுவாங்க. காலையில இருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க, சீனாக்காரனுக்கு அனுப்பியாச்சான்னு. மறுபடி போய்க் கேட்டா, சொன்னதைச் செய்னு சொல்லுவாங்க."

அவருக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது. தெரிந்ததைச் செய்ய அவருக்கு வழியில்லை. இந்த வேலையில் நான் பார்த்த பெரும்பாலான சம்பவங்கள் இந்த வகைதான். கீழே உள்ள படிகளை அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். ஐம்பது பேர் முதல் ஐந்நூறு பேர் வரை வேலை செய்யும் இடத்துக்கு இவை பொருந்தும்.

முதல் படி: ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள்

விதிமுறை எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், எச்.ஆர்., ஷிப்பிங் என்று ஒவ்வொரு இடத்திலும் அரை நாள் உட்காருங்கள். இது ஆடிட் இல்லை, யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இங்க இருக்கிற விதியில எது எரிச்சலா இருக்கு? அதை எப்படித் தாண்டிப் போறீங்க?"

திருப்பூர் நிறுவனத்தில் கிடைத்த பதில்களைச் சொல்கிறேன். எம்.டி.யின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கணினியில் செருகிக் கையெழுத்துப் போடும் சின்னக் கருவி) அக்கவுண்ட்ஸ் மேஜை டிராயரில் கிடந்தது, அதன் மேலேயே லேபிளில் பின் நம்பர். நெட் பேங்கிங்கில் பணம் போடுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று வங்கி இரண்டு ஐடி கொடுத்திருந்தது. மேக்கர், செக்கர் என்பார்கள். இரண்டும் அந்த அம்மா கையில்தான். செக்கருக்கான ஓடிபி எம்.டி.யின் போனுக்குப் போகும். அவர் வெளியூரில் இருந்தால் என்ன தொகை, யாருக்கு என்று பார்க்காமல் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார். இரண்டு பேர் சரிபார்க்கிறார்கள் என்று வங்கி நம்புகிறது. உண்மையில் ஒன்றரை ஆள்கூட இல்லை. பையரின் டிசைன் கோப்புகளை, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் சொந்த ஜிமெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் கம்பெனி மெயிலில் பெரிய கோப்பு போகாது.

இதையெல்லாம் ஒழுங்கீனம் என்று அறிக்கையில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நியாயமான ஒரு காரணம் இருக்கிறது: ஜிஎஸ்டி கடைசி நாள், கப்பல் கிளம்பும் நேரம், மெயிலின் அளவு வரம்பு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்த ஆஞ்சலா சாஸ் தன் சக ஆய்வாளர்களோடு 2008-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். விதிகளுக்குக் கீழ்ப்படிய ஊழியரிடம் இருக்கும் பொறுமை வீட்டு பட்ஜெட் மாதிரி, அளவானது. ஒவ்வொரு விதியும் அதில் கொஞ்சம் செலவழிக்கிறது. தீர்ந்துபோனால், முக்கியமான விதி எது, உப்புச்சப்பில்லாத விதி எது என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதனால் இந்தப் படியின் முடிவில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று, மக்கள் தாண்டிப் போகும் இடங்கள். மற்றொன்று, தூக்கிப் போட வேண்டிய விதிகள். இரண்டாவதில் நான் எப்போதும் முதலில் எழுதுவது, "90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்று." அந்த விதியால் வந்ததெல்லாம் முருகன்@1, முருகன்@2, முருகன்@3 தான். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. 2003-ல் பழைய ஆலோசனையை எழுதிய பில் பர் என்பவரே, அதற்காக வருத்தப்படுவதாக 2017-ல் பத்திரிகைக்குச் சொன்னார். ஒரு விதியை எடுத்துவிட்டுப் புதியதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

இரண்டாம் படி: நான்கு செயல், அதற்கு மேல் வேண்டாம்

"விழிப்புடன் இருங்கள்" என்று சுவரில் ஒட்டுவது வீண். எதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால்தான் கை அசையும். நான் சொல்லும் நான்கு இவை.

வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எந்த வழியில் செய்தி வந்தாலும், நம் பழைய கோப்பில் உள்ள நம்பருக்குப் போன் செய்து, யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினோம் என்று எழுதிவைத்த பிறகுதான் பணம். மெயிலில் உள்ள நம்பருக்கு அழைத்தால் திருடனே எடுத்து, "ஆமாம், மாறிவிட்டது" என்பான்.

ஓடிபியையோ போனில் வரும் ஒப்புதல் கேள்வியையோ, நாமே தொடங்காத வேலைக்குத் தருவதில்லை.

தூரத்திலிருந்து நம் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் மாதிரி மென்பொருளை, போனில் பேசுகிறவர் சொல்லி நிறுவுவதில்லை. அவர் வங்கிக்காரராக இருந்தாலும் சரி, நம் ஐடி ஆள் என்று சொன்னாலும் சரி.

ஏதாவது தவறாகிவிட்டது என்று தோன்றினால் பத்து நிமிடத்துக்குள் ஒருவரிடம் சொல்ல வேண்டும். இந்த நான்காவதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடையில் ஒரு விஷயம். இதெல்லாம் விவரம் தெரியாத சிறிய கம்பெனிக்கு வருகிற சங்கடம் என்று யாராவது சொன்னால், லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸின் கதையைச் சொல்லுங்கள். தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி, 2013 முதல் 2015 வரை கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கியவர். 2019-ல் நியூயார்க் நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை கொடுத்தது. திருப்பூரில் நடந்ததும் அதே வித்தைதான்.

மூன்றாம் படி: ஆளை மாற்றுவதற்கு முன் பாதையை மாற்றுங்கள்

ஒரு செயலை யாரும் செய்யவில்லை என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். தெரியவில்லையா? தெரிந்தும் செய்ய வசதி இல்லையா? செய்தால் திட்டு விழுகிறதா? முதல் காரணத்துக்கு மட்டும்தான் டிரெயினிங் மருந்து. மற்ற இரண்டையும் ஏற்பாட்டில்தான் சரிசெய்ய முடியும்.

செலவு குறைந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். செக்கர் ஐடியை வேறொருவர் பெயருக்கு, வேறு போனுக்கு மாற்றுங்கள். இதற்கு வங்கியில் ஒரு கடிதம் போதும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை எடுக்கும்போதும் வைக்கும்போதும் எழுத ஒரு நோட்டுப் போடுங்கள். சப்ளையர்களின் சரியான போன் நம்பர்களை ஒரே இடத்தில் வையுங்கள். நம்பரைத் தேடவே இருபது நிமிடம் ஆகுமென்றால் யாரும் அழைக்க மாட்டார்கள். மெயில் அளவு வரம்பை ஏற்றுங்கள், அல்லது பெரிய கோப்புக்குக் கம்பெனியின் பகிர்வு இடம் கொடுங்கள். பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக நினைவில் வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் மென்பொருளை வாங்கிக் கொடுத்து, முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டும் கொடுங்கள். வாங்கிக் கொடுத்தால் மட்டும் பயன்படுத்த மாட்டார்கள், பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. போனில் "ஆம், இல்லை" என்று வரும் வகையை நம்பி உட்கார வேண்டாம். 2022 செப்டம்பரில் ஊபரில் நடந்தது அதுதான். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் போனுக்கு ஒப்புதல் கேட்டுத் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினார்கள். ஊபரின் ஐடி பிரிவிலிருந்து பேசுவதாக வாட்ஸ்அப்பிலும் செய்தி வந்தது. கடைசியில் ஒருமுறை அவர் "ஆம்" அழுத்திவிட்டார். தொல்லை தாங்காமல் அழுத்துவது யாருக்கும் நடக்கும். திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச்சு செய்யவேண்டிய முறை இருந்தால், கை தவறி அழுத்துவதற்கே இடமில்லை. அதைவிட நல்லது யூஎஸ்பியில் செருகும் செக்யூரிட்டி கீ, அல்லது போனிலோ கணினியிலோ இருக்கும் அதே மாதிரி சாவியான பாஸ்கீ. போலித் தளத்தில் அது வேலையே செய்யாது, ஆள் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. கூகுள் 2017-ன் தொடக்கத்தில் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை இதற்கு மாற்றியது. அதன்பின் ஊழியர்களின் வேலைக் கணக்கு ஒன்றுகூடத் திருடு போனதாகத் தகவல் இல்லை என்று அடுத்த ஆண்டு சொன்னது. எல்லோருக்கும் வாங்க முடியாவிட்டால் அக்கவுண்ட்ஸ், எச்.ஆர்., முதலாளி, சர்வர் பார்க்கும் ஆள், இந்த நான்கு பேருக்காவது வாங்குங்கள்.

எல்லா வெளி மெயிலிலும் "இது வெளியிலிருந்து வந்தது" என்று மஞ்சள் பட்டை போடுவது எனக்குப் பிடித்தமான யோசனை இல்லை. ஏற்றுமதி கம்பெனிக்கு வருகிற மெயிலில் முக்கால்வாசி வெளியிலிருந்துதான் வரும். இரண்டு வாரத்தில் அந்தப் பட்டை கண்ணில் படாமல் போய்விடும். புதிதாக வந்த முகவரிக்கு மட்டும் போட முடிந்தால் போடுங்கள்.

நான்காம் படி: டிரெயினிங்கைச் சின்னதாக வையுங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை வீடியோ, பத்து கேள்வி, சான்றிதழ். ஆடிட்டருக்குக் காட்ட அது வேண்டும் என்றால் நடத்திக்கொள்ளுங்கள், பலன் எதிர்பார்க்காதீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவத் துறையில் 19,500-க்கு மேற்பட்ட ஊழியர்களிடம் எட்டு மாதம், பத்து போலி மெயில் சோதனை நடத்திப் பார்த்தார்கள். 2025-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏமாறுவதில் இருந்த வித்தியாசம் 1.7 சதவீதம். சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச், ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000 ஊழியர்களிடம் 15 மாதம் நடத்திய ஆய்வு இன்னும் சங்கடமானது. போலி மெயிலை அழுத்தியவுடன் பாடம் காட்டும் முறை பாதுகாப்பைக் கூட்டவில்லை, சில சமயம் குறைக்கவும் செய்தது. ஆனால் அதே ஆய்வில் ஒன்று நன்றாக வேலை செய்தது: சந்தேக மெயிலை ஊழியர்களே ஒரு பொத்தானால் புகார் செய்வது. ஆயிரம் கண் பார்க்கும்போது யாராவது ஒருவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்.

நான் செய்வது இவ்வளவுதான். மாதம் பதினைந்து நிமிடம், அந்தந்த செக்ஷனுக்கு வந்த உண்மையான மோசடி மெயிலைத் தமிழில் பேசிக் காட்டுவது. ஷிப்பிங்குக்கு போலி கொரியர் மெயில், எச்.ஆருக்கு ரெஸ்யூமே பெயரில் வரும் கோப்பு. நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டிக்காரரையும் கூப்பிடுங்கள். யாராவது வைரஸ் வைத்துப் போட்ட பென் டிரைவ் கீழே கிடந்தால் முதலில் எடுப்பவர் அவர்தான்.

போலி மெயில் சோதனை நடத்தலாம், ஆனால் மனிதத்தன்மையோடு. 2020 டிசம்பரில், கொரோனா காலத்தில், இணையதளப் பெயர்கள் விற்கும் கோடாடி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 650 டாலர் போனஸ் என்று போலி மெயில் அனுப்பிச் சோதித்தது. அழுத்தியவர்களுக்குப் போனஸுக்குப் பதிலாகப் பயிற்சி. ஊரே திட்டியபின் மன்னிப்புக் கேட்டார்கள். தீபாவளி போனஸை வைத்து இதைச் செய்யலாம் என்று யாருக்காவது ஆசை இருந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

ஐந்தாம் படி: சொல்வதைச் சுலபமாக்குங்கள்

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசனின் 2024 அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. மெயிலைத் திறந்தவர் லிங்க்கை அழுத்துவதற்கு நடுவாக (பாதிப் பேர் அதற்கும் குறைவாக) 21 விநாடி, விவரங்களைக் கொடுக்க மேலும் 28 விநாடி. மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடத்தை எந்தப் போஸ்டராலும் காப்பாற்ற முடியாது. அதற்குப் பிறகு வரும் ஒரு மணி நேரம்தான் நம் கையில் இருக்கிறது. அது திட்டுக்குப் பயந்து வீணாகும்.

ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் நடந்தது. பையன் ஒருவன் கொரியர் மெயிலில் பாஸ்வேர்டு போட்டுவிட்டான். ஆறு நிமிடத்தில் ஐடி ஆளுக்குப் போன். "அண்ணா, ஒரு தப்பு பண்ணிட்டேன்." மறுமுனையில் வந்த பதில் இது: "நல்லவேளை சொன்னே. மெஷினை ஆஃப் பண்ணாதே, நெட் கேபிளை மட்டும் கழட்டு. பாஸ்வேர்டு போட்டியா? அதே பாஸ்வேர்டு வேற எங்கயாச்சும் இருக்கா? சரி, நான் வர்றேன்." கால் மணி நேரத்தில் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். சற்று நேரத்தில் வெளிநாட்டிலிருந்து உள்ளே வர முயற்சி நடந்தது பதிவில் தெரிந்தது, கதவு மூடியிருந்தது.

அந்தப் பையன் ஏன் சொன்னான்? இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்து சீட்டுக்காரர் இதே தவறைச் செய்தபோது யாரும் கத்தவில்லை, அவன் பார்த்திருந்தான். அவ்வளவுதான் காரணம்.

இதை ஏற்பாடாக்க வேண்டும். ஒரே ஒரு போன் நம்பர், ஒவ்வொரு மானிட்டரின் ஓரத்திலும். மெயிலில் புகார் பொத்தான். போனை எடுப்பவர் சொல்லும் முதல் வார்த்தை "ஏன் அழுத்தினீங்க" என்று இருக்கக் கூடாது, அதை எழுதியே கொடுத்துவிடுங்கள். சொன்னவர் பெயர் எச்.ஆருக்குப் போகாது என்று நிர்வாகம் கையெழுத்துப் போட வேண்டும். வீண் சந்தேகமாக முடிந்தாலும் நன்றி சொல்லி, அது என்ன மெயில் என்று ஒரு வரி பதில் அனுப்புங்கள். பதில் வராத இடத்துக்கு யாரும் மூன்றாவது முறை எழுத மாட்டார்கள். வேண்டுமென்றே திருடியவர், தடயத்தை அழித்தவர் விஷயம் வேறு, அதற்குத் தனி விதி.

பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். இன்னொன்றும் உண்டு: மத்திய அரசின் சைபர் அவசரப் பிரிவான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊழியர் மூன்று நாள் மறைத்துவைத்தால் நீங்கள் எங்கே ஆறு மணி நேரத்தில் தெரிவிப்பது?

"சின்னக் கோளாறு" என்று ஒதுக்குவதையும் இதே கணக்கில் சேருங்கள். 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில், ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையே பண உத்தரவு அனுப்பும் வலை) பரிமாற்றங்களை அச்சிடும் பிரிண்டர் நின்றுபோனது. வழக்கமான கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் ஃபவுண்டேஷன் என்பது "ஃபேண்டேஷன்" என்று இருந்ததை டாய்ச்சு வங்கியில் கவனித்துக் கேள்வி கேட்டதால் நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் பிரிண்டரை முடக்கிவிட்டுத்தான் மூன்று பரிமாற்றம் செய்தார்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலர். மறுநாள் காலை கணக்கை ஒத்துப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. ஒன்றை உடனே தடுத்துவிட்டார்கள். எழுத்துப் பிழையைப் பார்த்ததும், காலைக் கணக்கைச் சரிபார்த்ததும் மனிதர்கள்தான். மனிதர்களைச் சங்கிலியின் பலவீனமான கண்ணி என்று எழுதும் பவர்பாயிண்ட்களில் இந்த இரண்டு சம்பவத்தையும் நான் பார்த்ததே இல்லை.

ஆறாம் படி: வந்தவர், போனவர், மறந்தவர்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்குகளை அன்றைக்கே மூடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பையும் சேர்த்து. புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே நான்கு செயலைச் சொல்லுங்கள். சேர்ந்த புதிதில் எம்.டி. பெயரில் வரும் வாட்ஸ்அப் செய்தியை அவர்கள்தான் நம்புவார்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போனில் கேட்பவருக்கு, அவரின் மேலாளரைத் திரும்ப அழைத்து உறுதி செய்யாமல் மாற்றிக் கொடுக்காதீர்கள்.

எண்ணிப் பார்க்க மூன்று எண்கள் போதும். எத்தனை பேர் புகார் செய்தார்கள், முதல் புகார் வர எத்தனை நிமிடம் ஆனது, கணக்கு மாற்றக் கோரிக்கைகளில் எத்தனைக்குப் போன் செய்து எழுதிவைத்தார்கள். எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற எண்ணை நான் பெரிதாக எடுப்பதில்லை. சோதனை மெயிலைக் கொஞ்சம் கடினமாக்கினால் அது ஏறும், சுலபமாக்கினால் இறங்கும்.

ஏழாம் படி: முதலாளியிடம் பேசுங்கள்

முதலிலேயே செய்ய வேண்டிய வேலை இது, ஆனால் கையில் ஆதாரம் இல்லாமல் போனால் நடக்காது. அதனால்தான் கடைசியில் வைக்கிறேன்.

2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியருக்கு, லண்டன் தலைமை நிதி அதிகாரி பெயரில் மெயில் வந்தது. அவருக்கு முதலில் சந்தேகம்தான். பிறகு வீடியோ அழைப்பில் அதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்ததும் நம்பிவிட்டார். திரையில் இருந்த மற்ற எல்லோருமே டீப்ஃபேக், அதாவது கணினி செய்த போலி முகமும் குரலும். 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. முகமும் குரலும் இனி அடையாளம் ஆகாது. மேலிடத்திலிருந்து வரும் உத்தரவைக்கூட நிறுத்திக் கேட்க ஊழியருக்கு உரிமை இருந்தால்தான் வழி.

அந்த உரிமையை முதலாளி எழுதித் தர வேண்டும். திருப்பூர் எம்.டி.யிடம் லெட்டர்பேடில் நான்கு வரி வாங்கினேன்: என் பெயரில் எவ்வளவு அவசரம் என்று வந்தாலும், பழைய நம்பரில் உறுதி செய்யாமல் புதிய கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அதனால் ஆகும் தாமதத்துக்கு நான் பொறுப்பு. கையெழுத்து, சீல், அக்கவுண்ட்ஸ் செக்ஷன் சுவர்.

ஆறேழு மாதம் கழித்து அவர் வெளிநாட்டுக் கண்காட்சியில் இருந்தபோது, லேபிள் சப்ளையர் ஒருவருக்குப் புதிய கணக்கில் பணம் போடச் சொல்லி அழைத்திருக்கிறார். அந்த அம்மா, சப்ளையரின் பழைய நம்பரில் பேசிவிட்டு அனுப்புகிறேன் என்றாராம்.

"ஏம்மா, நான்தான் பேசறேன், என் குரல் தெரியலையா?"

"தெரியுதுங்க சார். சுவத்துல இருக்கிற லெட்டர்லயும் உங்க கையெழுத்துதானுங்க."

சப்ளையரின் கணக்கு உண்மையாகவே மாறியிருந்தது. பணம் போக அரை நாள் தாமதம், லேபிள் வர ஒரு நாள் தாமதம். எம்.டி. என்னிடம் அதைக் குறையாகத்தான் சொன்னார், கடிதத்தை மட்டும் கழற்றச் சொல்லவில்லை.